காரவள்ளியில் இறங்கும் பலா, தேக்காவில் விற்கும் விலை

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரவள்ளிதான் வாசல். மலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஆகாயகங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போகிறவர்கள் ஏறும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டு போவார்கள். மலை விவசாயிகள் எண்ணுவது வேறு. இன்று எத்தனை வண்டி சரக்கு இறங்கியது, என்ன விலைக்குப் போனது என்பதுதான் அவர்கள் கணக்கு.

வளப்பூர்நாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, வாழவந்திநாடு என்று 'நாடு' என்றே முடியும் ஊர்களில் விளையும் மிளகு, காபி, வாழை, அன்னாசி, பலா, மரவள்ளிக்கிழங்கு, சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் மலைப்பாதை வழியாகக் கீழே வருகின்றன. மேலே சோளக்காட்டுச் சந்தையில் பழங்கள் கைமாறுகின்றன. மரவள்ளி லாரியில் ஏறி நாமக்கல், சேலம் மாவட்டங்களின் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. மிளகும் மற்ற மளிகைச் சாமான்களும் அடிவாரத்தில் உள்ள பேளுக்குறிச்சியின் சனிக்கிழமைச் சந்தைக்கு வருகின்றன. ஒரு வருடத்துக்கு வேண்டிய மிளகு, கடுகு, வெந்தயம், மல்லியை மொத்தமாக வாங்கிப்போக வெளியூர்க்காரர்களும் அங்கே வருவார்கள்.

அதற்குப் பிறகு சரக்கு எங்கே போகிறது என்பது விளைவித்தவருக்குத் தெரிவதில்லை. ஆனால் அதைத் தேடி வாங்கும் கடைத்தெருக்கள் உலகின் பெருநகரங்கள் பலவற்றில் இருக்கின்றன. நம் கிராமங்களிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் போன பிள்ளைகள் முதல் வாரமே தேடுவதும் அந்தத் தெருக்களைத்தான். அவற்றில் நமக்கு மிகவும் பழக்கமானது சிங்கப்பூரின் தேக்கா.

எருமைப் பட்டியில் வளர்ந்த கடைத்தெரு

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதிக்கு 'லிட்டில் இந்தியா' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அது மாட்டு வியாபாரம் நடந்த இடம். தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டுப் பட்டிகள் வந்தன. மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் இந்தியர்கள் வந்தார்கள், அவர்களை ஒட்டிக் கடைகள் வந்தன. தெருப் பெயர்களில் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. ஒன்று பஃபலோ ரோடு. பக்கத்தில் கெர்பாவ் ரோடு. மலாய் மொழியில் கெர்பாவ் என்றால் எருமை. கொஞ்சம் தள்ளி லெம்பு ரோடு. லெம்பு என்றால் மாடு.

அங்குள்ள சந்தை 1915இல் தொடங்கியது. அதன் பழைய பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப் பட்டி. 1982இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. அரசு வேறு பெயர் வைத்தும் மக்கள் 'தேக்கா' என்றே சொல்லிவந்ததால், 2000இல் தேக்கா சென்டர் என்பதே அதிகாரப்பூர்வப் பெயரானது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் வங்காளதேசத்தவரும் ஒரே கூரையின் கீழ் வாங்கும் சந்தை இது. கீழ்த்தளத்தில் காய்கறி, மீன், ஆட்டுக்கறிக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. மாடியில் துணிக்கடைகள். கறியும் மீனும் காயும் வாங்கக் காலையில் போவதுதான் நல்லது.

வெளியே பஃபலோ ரோட்டில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழை இலை, வாழைப்பூ, சின்ன வெங்காயம், மாவிலை, பூச்சரம் எல்லாம் பரப்பியிருப்பார்கள். "அண்ணே, முருங்கைக்கீரை இருக்கா?" என்று தமிழிலேயே கேட்டு வாங்கலாம். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. பிள்ளையைப் பார்க்கப் போகும் தாய் தகப்பனுக்கு இது பெரிய தைரியம்.

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கினால் தேக்கா பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த நிலையமான ஃபேரர் பார்க்கில் இறங்கினால் சையத் ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டர். பருப்பு, அரிசி, மசாலா முதல் பெட்டி, கைப்பேசி வரை ஒரே இடத்தில் கிடைக்கும். சைவச் சாப்பாட்டுக்கு 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் இருக்கிறது. ரேஸ்கோர்ஸ் சாலை மீன்தலைக் கறிக்குப் பேர்போனது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கட்டட வேலைக்கும் கப்பல்துறை வேலைக்கும் போன நம் ஊர் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே கூடுவார்கள். ஊர்க்காரரைத் தேடுகிறவர்கள் அன்று போகலாம். நிதானமாகச் சாமான் வாங்க நினைப்பவர்கள் வேறு நாளில் போவது நல்லது.

ஒரே ஊரில் பல ஆசியா

தேக்காவில் இல்லாத பொருள் பக்கத்துக் கடைத்தெருவில் இருக்கும். சைனாடவுனில் சீனக் காய்கறியும் உலர்ந்த காளானும் சோயாப் பொருள்களும் கிடைக்கும். 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில் அந்தச் சீனர் பகுதியின் நடுவில்தான் இருக்கிறது. கேலாங் சிராய் மலாய் மக்களின் சந்தை. சிராய் என்றால் எலுமிச்சைப் புல். அது ஒரு காலத்தில் அங்கே பயிரானதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். பிலிப்பைன்ஸ் சாமான்களுக்கு ஆர்ச்சர்ட் சாலையில் லக்கி பிளாசா, பர்மியச் சாமான்களுக்குப் பெனின்சுலா பிளாசா. தாய்லாந்துக்காரர்கள் பல ஆண்டுகள் கூடிவந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2023இல் மூடப்பட்டது.

மற்ற பெருநகரங்களிலும் வழி இதுதான். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா. லண்டனில் தமிழர் கடைகளுக்கு ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி. பஞ்சாபியர் கடைகளுக்கு சவுத்ஹால். பாரிசில் லா ஷப்பல், டொரண்டோவில் ஸ்கார்பரோ. இந்த இரண்டிலும் ஈழத்தமிழர் கடைகளே அதிகம். நியூயார்க்கில் ஜாக்சன் ஹைட்ஸ், பக்கத்து நியூ ஜெர்சியில் ஓக் ட்ரீ ரோடு. சிகாகோவில் டெவன் அவென்யூ. அங்கே 1974இல் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய பட்டேல் பிரதர்ஸ் இன்று அமெரிக்கா முழுவதும் கிளை பரப்பிய மளிகைக் கடை.

முகவரி தெரியாதவர்களுக்கு ஒரு எளிய அடையாளம் உண்டு. கோயிலைத் தேடினால் பக்கத்தில் கடைத்தெரு பெரும்பாலும் இருக்கும். நியூயார்க்கின் ஃப்ளஷிங் சீனர் நிறைந்த பகுதி. அங்குள்ள பிள்ளையார் கோயிலின் கீழ்த்தளத்தில் தோசை கிடைக்கிறது. இந்தியக் கடை எட்டாத தூரத்தில் இருந்தால் சீன, வியட்நாம், பிலிப்பைன்ஸ் கடைகளை விட்டுவிடக் கூடாது. பாகற்காய், கீரை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, தேங்காய்ப்பால், புளி எல்லாம் அங்கே இருக்கும். பிலிப்பைன்ஸ் மக்கள் முருங்கைக்கீரையை 'மலுங்காய்' என்று சொல்லி விரும்பிச் சாப்பிடுகிறார்கள். உறையவைத்த பொட்டலமாகவும் அது விற்கிறது.

பெயர் மாறுவதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். கத்தரிக்காய்க்குச் சிங்கப்பூரில் பிரிஞ்சால், அமெரிக்காவில் எக்பிளான்ட், லண்டனில் ஆபர்ஜின். வெண்டைக்குச் சிங்கப்பூரில் லேடீஸ் ஃபிங்கர், அமெரிக்காவில் ஓக்ரா. மரவள்ளிக்கு மலாயில் ஊபி காயூ, அமெரிக்காவில் கசாவா அல்லது யூக்கா. சாமை வாங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வட இந்தியக் கடைகளில் விரதத்துக்கு என்று விற்கும் 'சாமா' அரிசி பெரும்பாலும் நம் குதிரைவாலிதான். நம் சாமைக்கு ஆங்கிலத்தில் லிட்டில் மில்லட், தினைக்கு ஃபாக்ஸ்டெயில் மில்லட் என்று பொட்டலத்தில் இருக்கும்.

நம் மலைப் பொருள்கள் அங்கே என்ன ஆகின்றன?

முதலில் பலா. சீசனில் கொல்லிமலையில் பழம் மலிந்து கிடக்கும். வாங்க ஆளில்லாமல் மரத்தடியிலேயே அழுகுவதும் உண்டு. அதே பலாவின் பிஞ்சு, துண்டு போட்டு உப்புநீரில் டப்பாவில் அடைக்கப்பட்டு, தாய்லாந்து, இலங்கைப் பெயரோடு உலகெங்கும் கடைகளில் நிற்கிறது. அசைவத்தை விட்ட மேல்நாட்டினர் அதை இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பழம் பலா. கேரளமும் 2018இல் அதையே மாநிலப் பழமாக அறிவித்து, பலாவிலிருந்து பல பொருள்கள் செய்வதை ஊக்குவித்தது. பழுக்கும்வரை காத்திருந்தால் வாங்க வருபவர் சொல்வதுதான் விலை. பிஞ்சாகவும் காயாகவும் ஒரு பகுதியை இறக்கினால் விற்க இன்னொரு வழி கிடைக்கும், மரத்தின் சுமையும் குறையும்.

அடுத்தது மரவள்ளி. சிங்கப்பூர் சைனாடவுனில் 'சேகோ லேன்' என்றே ஒரு தெரு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சேகோ ஆலைகள் அங்கே இருந்ததால் வந்த பெயர். அந்தச் சேகோ ஒரு வகைப் பனைமரத்தின் சோற்றிலிருந்து எடுத்தது. ஜாவாவிலிருந்து வந்ததால்தான் நாம் ஜவ்வரிசி என்கிறோம் என்பார்கள். இரண்டாம் உலகப்போரில் கிழக்கிலிருந்து வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று ஆசியக் கடைத்தெருக்களில் இளைஞர்கள் வாங்கிக் குடிக்கும் தைவான் 'பபிள் டீ'யில் மிதக்கும் கருப்பு உருண்டைகளும் மரவள்ளி மாவுதான். ஆனால் உலகச் சந்தையில் மரவள்ளி மாவு என்றால் தாய்லாந்துதான் முன்னால் நிற்கிறது. நம் விவசாயி ஸ்டார்ச் 'பாயிண்ட்' கணக்கில் கிழங்கை விற்றுவிட்டு வீடு திரும்புகிறார்.

மூன்றாவது சாமையும் தினையும். மரவள்ளி பரவியதால் மலையில் சிறுதானியம் சுருங்கியது. இடித்துத் தோல் நீக்கும் வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே பழைய ரகங்களைக் காக்கவும், சிறு அரவை இயந்திரங்களைக் கொண்டுவரவும், மகளிர் குழுக்கள் மதிப்புக்கூட்டி விற்கவும் உழைத்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. வெளிநாட்டு மளிகைக் கடைகளில் சிறுதானியத்துக்கு என்றே தட்டு ஒதுக்கும் காலம் இது. மலையில் விதை மிச்சம் இருக்கும்போதே பரப்பைக் கூட்டினால்தான் இதன் பலன் மலைக்கும் வரும்.

நான்காவது மிளகு. பேளுக்குறிச்சிச் சந்தையில் கொல்லிமலை மிளகு என்ற பெயருக்கு மதிப்பு உண்டு. சந்தையைத் தாண்டி மற்ற மிளகோடு கலந்ததும் அந்தப் பெயர் போய்விடுகிறது. மலேசியாவின் சரவாக் மாநிலம் தன் மிளகை 'சரவாக் மிளகு' என்று ஊர்ப் பெயரிலேயே பொட்டலமிட்டுச் சிங்கப்பூர்க் கடைகளில் விற்கிறது. வியட்நாம் அளவில் முந்துகிறது, சரவாக் பெயரில் முந்துகிறது. அளவில் போட்டி போட நம்மிடம் நிலம் இல்லை. பெயரில் போட்டி போடலாம்.

விலை ஏன் அத்தனை மடங்கு?

இங்கே விற்ற விலையையும் அங்கே வாங்கிய விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, பிள்ளைகள் போனில் ஆதங்கப்படுவதுண்டு. நடுவில் உள்ளவர்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறார்கள் என்பது முழு உண்மை அல்ல. விமானக் கட்டணம், குளிர்பதனம், வழியில் கெடும் பங்கு, பரிசோதனைச் செலவு, பெருநகரக் கடை வாடகை எல்லாம் அந்த விலையில் சேர்ந்திருக்கின்றன. சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பக்கத்து மலேசியாவிலிருந்து லாரியில் இரவோடு இரவாக வரும் காய் மலிவு. திருச்சி விமான நிலையம் வழியாகப் போகும் நம் காய் அதோடு போட்டி போட வேண்டும்.

ஆகவே பச்சையாகப் போகும் பொருளைவிட, உலர்ந்து கெடாமல் போகும் மிளகு, சிறுதானியம், காபி, பலாப் பொருள்கள்தான் மலை விவசாயிக்கு ஏற்றவை. அதற்குச் செய்ய வேண்டியவை சில.

மிளகைச் சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிக்க வேண்டும். மணிகளை உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, சுத்தமான தார்ப்பாயில் காயவைத்தால் ஒரே சீராகக் கறுக்கும், சீக்கிரமும் காயும். ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தார்ச்சாலையில் காயவைத்த மிளகில் மண்ணும் சாணமும் சேரும். அப்படிப்பட்ட சரக்கைத் தரமான வாங்குநர் தொடமாட்டார்.

சிறுதானியத்தைக் கல், மண் நீக்கி, ரகம் கலக்காமல் வைக்க வேண்டும். தோல் நீக்கிய அரிசி நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். கேட்கும்போது அரைத்துக் கொடுப்பதே நல்லது.

தனி விவசாயி ஏற்றுமதியில் இறங்குவது கடினம். ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், பலாவுக்கும் சிறுதானியத்துக்கும் அபெடா பதிவு, மிளகுக்கு நறுமணப் பொருள்கள் வாரியப் பதிவு என்று பல படிகள் உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் இவற்றை ஒருமுறை வாங்கி எல்லோரும் பயன்படுத்தலாம். முதல் படியே ஏற்றுமதியாக இருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு நிறுவனத்துக்குத் தரமான சரக்கைத் தொடர்ந்து கொடுப்பதும் நல்ல தொடக்கம்தான்.

விவசாயக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கறிவேப்பிலை, பழம் கொடுத்து அனுப்பலாமா?

நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவுக்கு நம் ஊர்ப் பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோகக் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். ஃபுளோரிடாவில் 2005இல் கண்டறியப்பட்ட அந்த நோய், அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களைச் சீரழித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு 2019 டிசம்பர் முதல் பழம், காய், விதை எதற்கும் தாவர நலச் சான்று வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆஸ்திரேலியா மிகவும் கண்டிப்பு. எந்த நாடானாலும் பெட்டியில் உள்ள உணவுப் பொருளை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அபராதம்.

"ஏற்றுமதி செய்து தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று வருகிறவர்களை நம்பலாமா?

வாங்குகிறவர்தான் முன்பணம் தர வேண்டும். விற்கும் விவசாயியிடம் பதிவுக் கட்டணம், மாதிரிக் கட்டணம், பொட்டலக் கட்டணம் என்று கேட்டால் ஒதுங்கிவிடுவது நல்லது. குறியீட்டு எண்ணையும் அபெடா பதிவையும் கேட்டு வாங்கி, வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்த பிறகே பேச வேண்டும்.

மருந்து அடித்த விளைபொருளை அனுப்பினால் என்ன ஆகும்?

தனி வரம்பு நிர்ணயிக்காத மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே. பூச்சிமருந்து எச்சத்துக்காக இந்தியக் கறிவேப்பிலையை அவர்கள் தனிக் கவனத்தோடு சோதித்திருக்கிறார்கள். 2014 மே மாதம் நம் மாம்பழம், பாகல், புடலை, கத்தரிக்கு அவர்கள் தடை விதித்தார்கள். பழ ஈ போன்ற பூச்சிகள் சரக்கில் இருந்ததே காரணம். மாம்பழத் தடை 2015 ஜனவரியில் நீங்கியது. 2024 ஏப்ரலில் எத்திலீன் ஆக்சைடு இருந்ததாகச் சிங்கப்பூர் உணவு முகமை ஓர் இந்திய மசாலாவைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. ஒரு லோடில் தவறு நடந்தால் மொத்த ஊரின் பெயரும் கெடும். என்ன மருந்து, எந்தத் தேதி, எத்தனை நாள் கழித்து அறுவடை என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவசியம். மருந்தே அதிகம் படாத மலைத் தோட்டங்களுக்கு இந்த நோட்டுதான் பெரிய சாட்சி.

இந்தச் சீசனில் என்ன செய்யலாம்?

ஒரு ஊரில் பத்து குடும்பம் சேர்ந்து, ஒரே முறையில் பறித்து, கொதிநீரில் முக்கி, தார்ப்பாயில் காயவைத்த மிளகைத் தனி மூட்டையாகக் கட்டி, ஊர்ப் பெயரையும் பறித்த மாதத்தையும் எழுதிச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். தனித் தனியாக வந்த மிளகுக்கும் இதற்கும் விலை வித்தியாசம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் குடும்பங்கள், அங்குள்ள கடையில் மிளகு, சாமை, பலா டப்பாவில் எந்த நாட்டுப் பெயர், எத்தனை கிராம், என்ன விலை என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த இரண்டு கணக்கையும் எடுத்துக்கொண்டு போனால், உற்பத்தியாளர் குழுக் கூட்டத்தில் பேச்சு வெறும் ஆசையாக நிற்காமல் விலை பேசும் இடத்துக்கு வந்து சேரும்.